ரோர்ஷாக்கை எப்படி வாசிப்பது: மனசாட்சியா, வெறியா?

பழையதாள் கேட்டது:

வணக்கம். ஆலன் மூர் எழுதி டேவ் கிப்பன்ஸ் வரைந்த ‘வாட்ச்மென்’ சித்திரக்கதையைப் பற்றிய கேள்வி இது. முடிவைச் சொல்லாமல் கேட்க வழியில்லை என்பதால், இனிமேல்தான் படிக்கப் போகிறவர்கள் இந்த இழையைப் பிறகு வந்து பார்ப்பது நல்லது.

1986, 1987 ஆண்டுகளில் பன்னிரண்டு இதழ்களாக டிசி காமிக்ஸ் வெளியிட்ட இந்தக் கதை, அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் அணு ஆயுதப் போரின் விளிம்பில் நிற்கும் ஒரு கற்பனையான 1985-இல் நடக்கிறது. போரைத் தடுக்க வேறு வழியே இல்லை என்று முடிவுகட்டிய ஏட்ரியன் வைட் என்ற முன்னாள் முகமூடி வீரன், நியூயார்க் நகரத்தில் பாதிப் பேரைக் கொன்றுவிட்டு, பழியை வேற்றுலகத்திலிருந்து வந்ததாகத் தோன்றும் ஒரு பிராணியின் மேல் போடுகிறான். பொது எதிரி வந்துவிட்டான் என்ற அச்சத்தில் இரு நாடுகளும் பகையை நிறுத்திக்கொள்கின்றன. உண்மை வெளியானால் இந்தச் சமாதானம் குலைந்துவிடும் என்பதால் அவனுடைய பழைய சகாக்களான டான், லாரி, அதிசய ஆற்றல் கொண்ட டாக்டர் மன்ஹாட்டன் ஆகிய மூவரும் வாயைத் திறப்பதில்லை என்று ஒப்புக்கொள்கிறார்கள். மைத்தட முகமூடி அணிந்து குற்றவாளிகளைத் தேடித் தண்டிக்கும் ரோர்ஷாக் மட்டும் சமரசத்துக்கு இடமே இல்லை என்று சொல்லிவிட்டு அண்டார்டிகாவின் பனியில் இறங்கி நடக்கிறான். மன்ஹாட்டன் அவனை அங்கேயே கொன்றுவிடுகிறார்.

எங்கள் வாசிப்பு வட்டத்தில் இந்தப் பக்கத்தைப் பற்றிப் பேசத் தொடங்கியபோது மூவர் மூன்று மனிதர்களைப் பார்த்திருந்தார்கள் என்பது தெரியவந்தது. அந்த அறையில் மனசாட்சி உள்ள ஒரே ஆள் அவன்தான் என்றார் ஒருவர். உலகமே எரிந்தாலும் தன் பிடிவாதம் நிலைக்க வேண்டும் என்று நினைக்கும் வெறியன் என்றார் இன்னொருவர். சிறுவயதில் சிதைக்கப்பட்டு, அதிலிருந்து மீளவே முடியாமல் போன ஒரு பிள்ளை என்பதற்கு மேல் அவனைப் பற்றிச் சொல்ல எதுவும் இல்லை என்றார் மூன்றாமவர். மூவருமே கவனமாகப் படிக்கிறவர்கள். ஒரே பக்கத்தைப் படித்து இவ்வளவு தூரம் விலகிப் போவதற்குக் காரணம் படைப்பில் இருக்கிறதா, படிப்பவரிடம் இருக்கிறதா?

எனக்குத் தனிப்பட்ட முறையில் உறுத்தும் ஒன்றையும் சேர்த்துக் கேட்டுவிடுகிறேன். ஆறாம் இதழின் இறுதியில், சிறுவன் வால்டர் கோவாக்ஸ், அதாவது பிற்கால ரோர்ஷாக், காப்பகத்தில் இருந்தபோது பெற்றோரைப் பற்றி எழுதிய ஒரு கட்டுரை இணைப்பாக வருகிறது. ஜப்பான் மீது அணுகுண்டு போட்ட அதிபர் ட்ரூமன் நல்லதையே செய்தார், இல்லாவிட்டால் போர் நீண்டு இன்னும் அதிகம் பேர் செத்திருப்பார்கள் என்று அதில் எழுதுகிறான். வைட் சொல்லும் கணக்கும் கிட்டத்தட்ட இதே கணக்குதான். ட்ரூமனை மெச்சியவன் வைட்டை ஏன் மறுக்கிறான்?

தென்றல்வாசகி:

உங்கள் வட்டத்தின் முதல் நண்பர் பக்கம் நிற்கிறேன். எதனால் என்பதைக் கதையிலிருந்தே சொல்கிறேன்.

ரோர்ஷாக்கின் நாட்குறிப்பு படிக்கக் கசப்பானது. தெருவில் போகிற பெண்களைப் பற்றியும், தன் கொள்கைக்கு உடன்படாதவர்களைப் பற்றியும் அவன் எழுதுபவற்றை நான் எந்த வகையிலும் ஏற்கவில்லை. ஆனால் ஒரு மனிதனின் கருத்துகள் வேறு, நெருக்கடியில் அவன் எடுக்கும் நிலை வேறு. கடைசி இதழில் அவனுக்கு முன்னால் இருக்கும் கேள்வி மிக எளிமையானது. பல லட்சம் பேர் கொல்லப்பட்டிருக்கிறார்கள், யார் கொன்றார் என்று தெரியும், கொன்றவன் முன்னால் நின்று பேசிக்கொண்டிருக்கிறான். அவனைக் காட்டிக்கொடுக்க வேண்டாம் என்று நல்லவர்கள் மூவர் ஒப்புக்கொள்கிறார்கள். அந்த மூவரும் கதை முழுக்க நம் அன்பைப் பெற்றவர்கள் என்பதால் அவர்களுடைய மௌனத்தை நாமும் எளிதில் மன்னித்துவிடுகிறோம். இறந்தவர்கள் சார்பில் பேச அந்த அறையில் மிஞ்சியது ரோர்ஷாக் ஒருவன்தான். பேசினால் உயிர் போகும் என்பதும் அவனுக்குத் தெரியும்.

அந்தப் பக்கத்தில் அவன் செய்யும் ஒரு காரியத்தை நினைவுபடுத்த விரும்புகிறேன். ஐந்தாம் இதழின் முடிவில் காவலர்கள் அவனைப் பிடித்து முகமூடியை உரிக்கும்போது, தன் முகத்தைத் திருப்பித் தரும்படி கத்துகிறான். முகமூடியைத்தான் அவன் முகம் என்று சொல்கிறான். அதே மனிதன் பன்னிரண்டாம் இதழில், பனியில், தன் கையால் அதைக் கழற்றிவிட்டு அழுதுகொண்டே மன்ஹாட்டனை எதிர்கொண்டு, செய்வதைச் சீக்கிரம் செய் என்கிறான். பத்து வருடமாக உள்ளே புதைத்து வைத்திருந்த வால்டர் கோவாக்ஸ் கடைசி நிமிடத்தில் வெளியே வந்து, அவனாகவே சாகிறான். வெறியன் என்று சொல்பவர்கள் இந்த அழுகைக்கு என்ன விளக்கம் தருவார்கள்? தன் நிலை சரி என்பதில் துளி ஐயமும் இல்லாத ஒருவன் அழ மாட்டான். டான் சொல்வதில் உள்ள நியாயம் அவனுக்கும் புரிந்திருக்கிறது, புரிந்தும் அவனால் பொய்யோடு உயிர் வாழ முடியவில்லை என்றுதான் நான் அந்த முகத்தைப் படிக்கிறேன்.

இன்னொரு காட்சி பத்தாம் இதழில் இருக்கிறது. அவன் வாடகைக்கு இருந்த வீட்டின் உரிமையாளரான பெண், அவன் தன்னிடம் தவறாக நடக்க முயன்றதாகப் பத்திரிகைக்குப் பொய் சொல்லியிருக்கிறாள். மாற்று உடைகளை எடுக்கத் திரும்பி வரும்போது அவளை அவன் வேசி என்று ஏசுகிறான். பிள்ளைகள் முன்னால் அப்படிச் சொல்லாதே, அவர்களுக்குத் தெரியாது என்று அவள் கெஞ்சுகிறாள். அழுதுகொண்டு நிற்கும் அவளுடைய சிறுவனை ரோர்ஷாக் பார்க்கிறான். அவனுடைய தாயும் அதே தொழிலில் இருந்தவள், அவளால் அடித்து நொறுக்கப்பட்ட பிள்ளைதான் அவன். அதற்கு மேல் ஒரு வார்த்தையும் பேசாமல் போய்விடுகிறான். கொஞ்சமும் இளகாதவன் என்று பேர்பெற்றவன் இளகும் இடம் அது. மூர் அதை எழுதியிருக்கிறார், கிப்பன்ஸ் வரைந்திருக்கிறார், நாம் அதைக் கணக்கில் எடுத்தே ஆக வேண்டும்.

மாற்றுக்குரல்:

தென்றல்வாசகி அவர்கள் சொன்ன இரண்டு காட்சிகளும் உண்மை, இரண்டிலும் எனக்கும் மனம் கனக்கிறது. ஆனால் அந்தக் கனத்தை வைத்து அவனுடைய மறுப்பை அறமாக உயர்த்துவதை என்னால் ஏற்க முடியவில்லை.

அவனுக்குச் சமரசமே கிடையாது என்பது அவனே தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்வது. கதை அதை மறுக்கும் சான்றை முதல் இதழிலேயே தந்துவிடுகிறது. கதையின் தொடக்கத்தில் கொல்லப்படும் முகமூடி வீரனான கமீடியன் என்ற எட்வர்ட் பிளேக், லாரியின் தாயை வன்புணர முயன்றவன். லாரி இதைச் சொல்லும்போது ரோர்ஷாக் தரும் பதில், நாட்டுக்காகப் பணியாற்றி இறந்தவர்களின் ஒழுக்கத் தவறுகளைத் துருவுவது தன் வேலை இல்லை என்பதுதான். தெருவில் நிற்கும் ஒரு பெண்ணுக்கு அவன் வாழ்நாள் முழுதும் தராத மன்னிப்பைக் கமீடியனுக்கு ஒரே வாக்கியத்தில் தந்துவிடுகிறான், அதுவும் பாதிக்கப்பட்டவளின் மகளுடைய முகத்துக்கு நேராக. அதே இதழில் ஒரு மதுக்கடையில் தகவல் கேட்கப் போனவன், எதுவும் தெரியாத ஒருவனுடைய விரல்களை ஒவ்வொன்றாக ஒடிக்கிறான். தகவல் எதுவும் கிடைக்கவில்லை என்று நாட்குறிப்பில் எழுதிவிட்டு அடுத்த வேலைக்குப் போகிறான். அந்த விரல்களுக்கு உரியவன் சார்பில் பேச அந்த அறையில் யார் இருந்தார்கள்?

இந்தப் பாத்திரத்தின் வேர் எங்கே இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். ஸ்பைடர்மேனை உருவாக்கியவர்களில் ஒருவரான ஸ்டீவ் டிட்கோ, 1967-இல் ‘மிஸ்டர் ஏ’ என்ற பாத்திரத்தை உருவாக்கினார். எழுத்தாளர் ஐன் ராண்டின் தத்துவத்தில் ஊறிய பாத்திரம் அது. பாதி கறுப்பு, பாதி வெள்ளையான ஒரு அட்டையைக் கையில் வைத்திருப்பான், நன்மைக்கும் தீமைக்கும் இடையில் எதுவும் இல்லை என்பான். டிட்கோ அதே ஆண்டில் சார்ல்டன் என்ற சித்திரக்கதை நிறுவனத்துக்குப் படைத்த ‘தி கொஸ்டின்’ என்ற முகமற்ற துப்பறிவாளனும் இதே குருதியைச் சேர்ந்தவன். சார்ல்டனின் பாத்திரங்களை டிசி வாங்கியபோது அவர்களை வைத்து ஒரு கதை எழுத மூர் திட்டமிட்டு, அது கைகூடாமல் போகவே, அவர்களின் சாயலில் புதியவர்களைப் படைத்தார். அப்படி வந்தவன்தான் ரோர்ஷாக். அந்தக் கறுப்பு வெள்ளை அட்டையை முகத்தில் ஒட்டிக்கொண்ட ஒருவன் உண்மையான தெருவில், உண்மையான உடல்நாற்றத்தோடு, சர்க்கரைக் கட்டிகளைத் திருடித் தின்றுகொண்டு வாழ்ந்தால் எப்படி இருப்பான் என்பதுதான் மூர் செய்து பார்த்தது. இவனைத் தங்கள் நாயகன் என்று சொல்லிக்கொண்டு வருகிற வாசகர்களைக் கண்டு தாம் கலங்கியதை மூரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

கடைசியாக, உண்மைக்காக உயிர் கொடுத்தவன் என்கிறோமே, அந்த உண்மையை அவன் யார் கையில் ஒப்படைத்தான் என்று பாருங்கள். நாட்குறிப்பை அவன் அனுப்பியது ‘நியூ ஃபிரான்டியர்ஸ்மன்’ என்ற கதைக்குள் வரும் வலதுசாரிப் பத்திரிகைக்கு. எட்டாம் இதழின் இணைப்பில் அந்தப் பத்திரிகையின் பக்கங்களையே மூர் நமக்குப் படிக்கத் தருகிறார். வெள்ளை இனவெறி அமைப்பான கூ கிளக்ஸ் கிளானுக்கு அது பரிந்து பேசுகிறது. நாட்டில் வேறு எத்தனையோ செய்தித்தாள்கள் இருக்கும்போது, ரோர்ஷாக் நம்பியது இந்த ஒன்றைத்தான்.

கட்டம்ஒன்பது:

நான் படம் வரைகிறவன். இந்த இழையில் இதுவரை எல்லாரும் ரோர்ஷாக் என்ன சொன்னான், என்ன செய்தான் என்பதைப் பேசுகிறார்கள். அவன் எப்படி வரையப்பட்டிருக்கிறான் என்பதையும் பேசினால் பழையதாள் கேட்ட முதல் கேள்விக்கு, அதாவது வாசகர்கள் ஏன் பிரிகிறார்கள் என்பதற்கு, ஓரளவு பதில் கிடைக்கும் என்று நினைக்கிறேன்.

முதல் இதழின் முதல் பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ரத்தம் தெறித்த மஞ்சள் பொம்மை முகப் பொத்தான் சாக்கடை ஓரத்தில் கிடக்கிறது. பார்வை மேலே மேலே உயர்ந்துகொண்டே போகிறது. கட்டங்களில் ஓடுவது ரோர்ஷாக்கின் நாட்குறிப்பு. அதே கட்டங்களில், உலகத்தின் முடிவு நெருங்கிவிட்டது என்று எழுதிய பலகையைத் தூக்கிக்கொண்டு செம்பட்டை முடிக்காரர் ஒருவர் அந்த ரத்தத்தை மிதித்து நடந்து போகிறார். அவருடைய காலடித் தடம் சிவப்பாகப் பதிகிறது. தெருவில் திரியும் யாரோ ஒரு கிறுக்கர் என்று நாம் அவரைக் கடந்து போகிறோம். பின்னர் வரும் இதழ்களிலும் அவர் தலைகாட்டுகிறார், செய்தித்தாள் கடையில் நின்று தன் ‘நியூ ஃபிரான்டியர்ஸ்மன்’ பிரதியை வாங்கிப் போகிறார். ஐந்தாம் இதழின் முடிவில் முகமூடி உரிக்கப்படும்போதுதான் அந்தச் செம்பட்டை முடிக்காரரே ரோர்ஷாக் என்பது தெரிகிறது. அவனுடைய குரலையும் அவனுடைய முகத்தையும் கிப்பன்ஸ் ஒரே கட்டத்தில் வைத்துக் காட்டியிருக்கிறார், நாம் இரண்டையும் சேர்த்துப் பார்க்கவில்லை. குரலைக் கேட்டவர்கள் ஒரு கடினமான துப்பறிவாளனைக் கற்பனை செய்துகொண்டோம். முகத்தைப் பார்த்திருந்தால் யாரும் ஏறிட்டுப் பார்க்காத ஒரு தெருவாசியைக் கண்டிருப்போம். வாசகர்கள் பிரிவது இந்த முதல் பக்கத்திலேயே தொடங்கிவிடுகிறது. குரலை முதலில் நம்பியவர்கள் அவனைக் கடைசிவரை வீரனாகவே பார்க்கிறார்கள்.

முகமூடி இன்னும் நுட்பமானது. வெள்ளைத் துணியில் கறுப்பு வடிவங்கள் நகர்ந்துகொண்டே இருக்கும், ஆனால் இரண்டும் ஒருபோதும் கலந்து சாம்பல் நிறம் ஆகாது. சித்திரக்கதையில் அந்த நகர்வை நாம் பார்ப்பதே இல்லை என்பதுதான் இதில் முக்கியம். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு நிலையான வடிவம் இருக்கிறது, அடுத்த கட்டத்தில் வேறொன்று இருக்கிறது, மாறுவது இரண்டு கட்டங்களுக்கும் நடுவில் உள்ள வெள்ளைக் கோட்டில். அந்த இடம் வாசகருக்கு உரியது. அவன் கோபப்பட்டானா, தயங்கினானா, வருந்தினானா என்பதை முகம் காட்டாததால் நாமே அந்த இடைவெளியில் போட்டு நிரப்புகிறோம். வீட்டுக்காரப் பெண்ணின் பிள்ளையை அவன் பார்க்கும் காட்சியிலும் முகமூடிதான் இருக்கிறது, கண்ணீர் எதுவும் நமக்குக் காட்டப்படவில்லை. தென்றல்வாசகி அங்கே இரக்கத்தைக் கண்டார். எனக்கும் அது இரக்கமாகவே படுகிறது. ஆனால் அந்த இரக்கத்தில் பாதியை வரைந்தவர் தந்தார், மீதியை நாம் தந்தோம்.

பேச்சுக் குமிழிகளையும் பாருங்கள். 1966-இல் நடந்ததாக இரண்டாம் இதழில் வரும் முகமூடி வீரர்களின் கூட்டத்தில் ரோர்ஷாக் எல்லாரையும் போல முழு வாக்கியத்தில் பேசுகிறான், குமிழியின் ஓரமும் எல்லாருடையதைப் போலச் சீராக இருக்கிறது. 1975-க்குப் பிறகு அவன் பேசும் குமிழிகளின் ஓரம் கிழிந்து நெளிகிறது, வாக்கியங்கள் துண்டு துண்டாகின்றன. அந்த ஆண்டில் கடத்தப்பட்ட ஆறு வயதுச் சிறுமியைத் தேடிப் போனவன், அவள் கொல்லப்பட்டு நாய்களுக்குப் போடப்பட்டிருப்பதைக் கண்டான். உங்கள் வட்டத்தின் மூன்றாம் நண்பர், சிதைந்த பிள்ளை என்று சொன்னவர், இதைக் கவனித்திருக்கிறாரா என்று கேட்டுப் பாருங்கள். சிதைவு சிறுவயதில் தொடங்கியது என்றாலும் அது முழுமையடைந்தது முப்பத்தைந்து வயதில் என்று எழுத்து வரைந்த விதமே சொல்கிறது. தாயின் அடியையும் காப்பகத்தையும் தாண்டி அவன் ஒழுங்காகப் பேசிக்கொண்டிருந்த காலம் ஒன்று இருந்தது.

மனநூல்:

நான் உளவியல் படித்தவள். இந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்பது பலருக்கும் தெரிந்ததுதான், இருந்தாலும் அந்தச் சோதனை நடக்கும் முறையில் இந்த விவாதத்துக்குத் தேவையான ஒன்று இருக்கிறது.

சுவிட்சர்லாந்தின் மனநல மருத்துவர் ஹெர்மன் ரோர்ஷாக் 1921-இல் தம் நூலை வெளியிட்டார், மறு ஆண்டே இறந்துபோனார். அவருடைய சோதனையில் பத்து அட்டைகள் உண்டு, ஒவ்வொன்றிலும் இருபுறமும் ஒத்திருக்கும் ஒரு மைத்தடம். கோவாக்ஸின் முகமூடியைப் போல அவை வெறும் கறுப்பும் வெள்ளையும் ஆனவை இல்லை. சாம்பல் நிறத்தின் பல அடர்த்திகள் அவற்றில் உண்டு, சிலவற்றில் வண்ணங்களும் உண்டு. மைத்தடத்தில் யார் எதை வேண்டுமானாலும் பார்க்கலாம், எல்லாம் ஒன்றுதான் என்று பொதுவாக ஒரு நம்பிக்கை இருக்கிறது. சோதனை அப்படி நடப்பதில்லை. பார்த்ததைச் சொல்லி முடித்த பிறகு சோதிப்பவர் இரண்டு கேள்விகள் கேட்பார். எந்த இடத்தில் பார்த்தீர்கள்? அங்கே எது உங்களுக்கு அப்படித் தோன்றச் செய்தது? பதில் மையின் வடிவத்தோடு பொருந்துகிறதா இல்லையா என்பதும் பதிவாகும். ரோர்ஷாக்கை வாசிக்கிறவர்களிடமும் இதையே கேட்கலாம் என்று நினைக்கிறேன். இந்த இழையில் எழுதிய மூவருமே இடத்தைச் சுட்டிக் காட்டித்தான் பேசியிருக்கிறார்கள், அதனால்தான் இது பயனுள்ள விவாதமாக இருக்கிறது. சிறைச் சாப்பாட்டுக் கூடத்தில் அவன் சொன்ன ஒரு வரியை மட்டும் சட்டையில் அச்சடித்துப் போட்டுக்கொள்கிறவர்களோடு பேசுவதுதான் கடினம். சக கைதியின் மேல் கொதிக்கும் எண்ணெயை ஊற்றிய பிறகு சொன்ன வரி அது. சித்திரக்கதையில் அது சிறையில் அவனைப் பரிசோதிக்கும் மனநல மருத்துவர் மால்கம் லாங்கின் குறிப்புகள் வழியாக, அச்சத்தோடு பதிவாகிறது.

லாங் இருக்கும் ஆறாம் இதழ்தான் வாசகர்களைப் பற்றியே எழுதப்பட்ட இதழ் என்பது என் எண்ணம். முதல் மைத்தடத்தைக் காட்டும்போது கோவாக்ஸ் பார்ப்பது தலை பிளந்த நாயை. வாயால் சொல்வது அழகான வண்ணத்துப்பூச்சி என்று. உண்மையான சோதனையில் ஐந்தாம் அட்டைக்கு வௌவால் அல்லது வண்ணத்துப்பூச்சி என்பதுதான் மிகவும் வழக்கமான பதில். மருத்துவர் எதை எதிர்பார்ப்பாரோ அதையே எடுத்துக் கொடுத்துவிடுகிறான் அவன். லாங்கும் மகிழ்ந்துபோய், இவன் சீக்கிரம் குணமாகிவிடுவான் என்று எழுதிக்கொள்கிறார். அந்த மகிழ்ச்சியில் கொஞ்சம் புகழாசையும் இருக்கிறது. பிறகு கோவாக்ஸ் உண்மையைச் சொல்லத் தொடங்குகிறான். அந்தச் சிறுமி கொல்லப்பட்ட வீடு எரிவதைப் பார்த்து நின்றபோது, வாழ்க்கைக்கு நாம் திணிக்கும் அர்த்தத்தைத் தவிர வேறு அர்த்தம் எதுவும் இல்லை என்று தனக்குத் தெரிந்ததாகச் சொல்கிறான். இதழின் முடிவில் லாங் தனியே உட்கார்ந்து அதே மைத்தடத்தை நிழல் விரித்த மரமாகப் பார்க்க முயன்று முடியாமல் போகிறார், கடைசிக் கட்டம் முழுக்கக் கறுப்பாகிறது. பலர் கதையை இங்கேயே மனதில் முடித்துவிடுகிறார்கள். பதினோராம் இதழில் லாங் மறுபடி வருகிறார் என்பதை மறந்துவிடுகிறார்கள். தெருவில் ஒருவரை ஒருவர் அடித்துக்கொள்ளும் இருவரை விலக்கிவிடப் போகிறார். மனைவி தடுத்தும் போகிறார். உலகம் அர்த்தமற்றது என்று ரோர்ஷாக்கிடம் கேட்டுக்கொண்ட மனிதர், அதிலிருந்து ரோர்ஷாக் எடுத்த முடிவை எடுக்கவில்லை. அந்த நகரத்தோடு சேர்ந்து அடுத்த நிமிடங்களில் இறந்தும் போகிறார். ரோர்ஷாக்குக்கு எதிரான மிக வலுவான வாதம் எது என்று கேட்டால், அவனைத் திட்டும் எவரையும் விட லாங்கின் இந்தச் செயலைத்தான் காட்டுவேன்.

இன்னொன்று. அவன் முகமூடி அணிந்ததற்குச் சொல்லும் காரணம் கிட்டி ஜெனவீஸ் என்ற இளம்பெண் 1964-இல் நியூயார்க்கில் கொல்லப்பட்டது. ஏறத்தாழ நாற்பது அண்டை வீட்டார் அலறலைக் கேட்டும் யாரும் எதுவும் செய்யவில்லை என்கிறான். அப்போது நாளிதழில் வந்த செய்தி அதுதான். அந்தச் செய்தி மிகைப்படுத்தப்பட்டது என்பது பின்னர் நிறுவப்பட்டது, 2016-இல் அதை வெளியிட்ட நியூயார்க் டைம்ஸ் நாளிதழே தன் பழைய பதிவில் குறை இருந்ததை ஒப்புக்கொண்டது. மூர் எழுதிய காலத்தில் இது பரவலாகத் தெரியாது. ஆனால் இன்றைக்கு வாசிக்கும் நமக்குத் தெரியும் என்பதால், மனிதர்களைப் பற்றிய அவனுடைய முடிவே ஒரு தவறான செய்தியின் மேல் எழுந்தது என்ற நினைப்போடுதான் அந்தப் பக்கத்தைத் தாண்ட வேண்டியிருக்கிறது. காலமும் வாசிப்பை மாற்றுகிறது.

படமும் மாற்றியிருக்கிறது. 2009-இல் சாக் ஸ்னைடர் எடுத்த திரைப்படத்தில் ரோர்ஷாக் சாவதை டான் நேரில் பார்த்துக் கதறுகிறான். சித்திரக்கதையில் அதற்குச் சாட்சியே இல்லை. கொன்றவரைத் தவிர யாருக்கும் தெரியாமல் சாகிறான், அந்த நேரத்தில் நண்பன் லாரியின் அணைப்பில் தூங்குகிறான். கதறும் ஒரு நண்பனைச் சேர்த்தவுடன் அது தியாகியின் மரணம் ஆகிவிடுகிறது. 2019-இல் வந்த எச்.பி.ஓ. தொடர் நேர் எதிர்த் திசையில் போய், அவனுடைய முகமூடியை வெள்ளை இனவெறிக் கூட்டம் ஒன்றுக்கு அணிவித்தது. மாற்றுக்குரல் சொன்ன அந்தப் பத்திரிகையின் கையில் நாட்குறிப்பு போனதால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்தால் அந்தத் தொடர் எங்கே தொடங்கியது என்பது விளங்கும்.

பழையதாள்:

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. லாங்கின் இரண்டாவது வருகையை நான் இப்படி யோசித்ததே இல்லை. ஆனால் ட்ரூமனைப் பற்றிய கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. தென்றல்வாசகி அவர்களிடமே கேட்கிறேன், ஏனென்றால் அவன் பக்கம் நிற்பவருக்குத்தான் அது சிக்கல். முதல் இதழின் நாட்குறிப்பிலேயே தன் தந்தையையும் அதிபர் ட்ரூமனையும் ஒழுக்கமானவர்கள் என்று சேர்த்து எழுதுகிறான். எனவே சிறுவயதில் எழுதிவிட்டு மறந்துபோன கருத்து என்று இதைத் தள்ளிவிட முடியாது.

தென்றல்வாசகி:

தள்ளிவிட முடியாது என்பது சரிதான். முதலில் அந்தக் கட்டுரையை யார் எழுதினான் என்று பார்ப்போம். அவன் தந்தையைப் பார்த்ததே இல்லை. ட்ரூமனைப் பற்றிய சண்டையில்தான் தந்தையைத் துரத்திவிட்டதாகத் தாய் சொல்லியிருக்கிறாள். தந்தைக்கு ட்ரூமனைப் பிடிக்கும், ஒருவேளை அவரிடமே வேலை பார்த்திருப்பார் என்று பிள்ளை கற்பனை செய்துகொள்கிறான். ட்ரூமனை மெச்சுவது அவனுக்கு இல்லாத ஒரு தந்தையோடு சேர்ந்து நிற்பதற்கான வழி. அணுகுண்டைப் பற்றி அவன் யோசித்து முடிவெடுத்ததாக நான் அதைப் படிக்கவில்லை.

இரண்டாவது, வளர்ந்தவனைப் பற்றியது. ட்ரூமன் செய்ததற்கும் வைட் செய்ததற்கும் இடையில் ரோர்ஷாக்கின் கண்ணில் ஒரு வேறுபாடு இருந்திருக்கும். 1945 ஆகஸ்ட் 6 அன்று குண்டு போட்ட ஏறத்தாழ பதினாறு மணி நேரத்தில், இதைச் செய்தது நாங்கள்தான் என்று அமெரிக்க அதிபரின் அறிக்கை உலகத்துக்கு அறிவித்தது. வைட் செய்தது யாருக்கும் தெரியக்கூடாது, தெரிந்தால் பயனில்லை. பனியில் நின்று ரோர்ஷாக் சொல்வதில் ஒரு பாதி, மக்களுக்குச் சொல்லியாக வேண்டும் என்பது. கொலையின் எண்ணிக்கையை விட அதன்மேல் கட்டப்படும் பொய்தான் அவனால் பொறுக்க முடியாதது. ஹிரோஷிமாவை இது நியாயப்படுத்தவில்லை, நானும் நியாயப்படுத்தவில்லை. அவனுக்குள் அது முரணாகத் தோன்றாமல் போனது எப்படி என்பதை மட்டும் சொல்கிறேன்.

மாற்றுக்குரல்:

அருமையான வாசிப்பு, பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆனால் அவன் சொல்வதில் மற்றப் பாதியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தீமை தண்டிக்கப்பட வேண்டும் என்பதும் அங்கே இருக்கிறது. பொய்தான் அவனுக்குச் சிக்கல் என்றால், வைட் தானாகவே ஒப்புக்கொண்டு அறிவித்திருந்தால் ரோர்ஷாக் அவனை மெச்சியிருப்பானா? மாட்டான் என்றுதான் நீங்களும் சொல்வீர்கள். ஜப்பானில் இறந்தவர்களுக்கு அவன் தராத இடத்தை நியூயார்க்கில் இறந்தவர்களுக்குத் தருகிறான், ஏனென்றால் அது அவனுடைய நகரம், அவன் எவ்வளவு வெறுத்தாலும் தினமும் இரவில் நடந்த தெருக்கள். எனக்கு இது அவனைக் குறைத்துக் காட்டவில்லை. கொள்கையால் செய்யப்பட்டவனாகத் தன்னை நினைத்துக்கொண்டவன், கடைசியில் தன் ஊர்க்காரர்கள் செத்ததற்காக அழுகிறான் என்று படித்தால், நீங்கள் கேட்ட அந்த அழுகைக்கு நான் தரும் விளக்கம் அதுதான்.

தென்றல்வாசகி:

அந்த விளக்கத்தை நான் எதிர்பார்க்கவில்லை. முதல் இதழில், இந்த நகரம் தன்னைக் காப்பாற்றச் சொல்லிக் கத்தும்போது மாட்டேன் என்று முணுமுணுப்பதாக எழுதியவன் அவன். நீங்கள் சொல்வது சரியென்றால் அந்த வரியைத்தான் அவன் பனியில் கைவிடுகிறான். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இன்னொரு முறை படித்துவிட்டு எழுதுகிறேன்.